கேமரா மேல் சிரித்த தாளாளர்

மணப்பாறை ரோட்டுப் பொட்டலில், மாணவர்கள் செய்த ராக்கெட்டுகளுக்கான போட்டியில் அவரைச் சந்தித்தேன். என் மகள் படிக்கும் கல்லூரியின் விளம்பர அதிகாரி. மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. அதன் பையில் தாளாளர் படம் போட்ட ஸ்டிக்கர்கள். கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக் கட்டைவிரலால் தேய்ப்பார்.

மகள் அணியின் ராக்கெட் கிளம்பியது. உயரமும் வேகமும் திரையில் ஒழுங்காக வந்தன. ராக்கெட் கேமராவின் நேரலை மட்டும் ஒரே இருட்டு. இறங்கியதும் ஓடிப்போய்ப் பார்த்தோம். கேமராத் துளையை மறைத்துக்கொண்டு தாளாளர் சிரித்தார்.

"வீடியோவுக்குத்தான் சார் பரிசே!" என்றாள் மகள், அழாத குறையாக.

விளம்பர அதிகாரி குனிந்து ஸ்டிக்கரைத் தடவினார். "இவ்வளவு வேகத்துலயும் ஒரு ஓரம்கூடப் பிரியல, பாத்தீங்களா?"

கேலியே இல்லை. அன்று அந்தப் பொட்டலில் மனதாரப் பூரித்தவர் அவர் ஒருவர்தான்.