தும்பைப்பூவோடு கொட்டாஞ்சேனைக்கு

திங்கட்கிழமை, காலை ஆறு மணி. வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையிலுள்ள புல்தரையில் கமலா தும்பைப்பூ கிள்ளிக்கொண்டிருந்தாள். மழைக்கு முளைத்துப் பூத்து, விதை உதிர்த்து, அந்த வருடமே பட்டுப்போகும் சிறு செடி. பூவோ விரல் நகத்தைவிடச் சிறிது.

கமலா என் மனைவியின் தங்கை. கணவனின் இருதயச் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். சிகிச்சை மறுநாள். அதற்குமுன் கொட்டாஞ்சேனைச் சிவனுக்குத் தன் கையால் பறித்த தும்பை சாத்துவதாக நேர்ந்திருந்தாள்.

கொட்டாஞ்சேனை பத்துக் கிலோமீற்றர் அளவு. கோட்டை வரை ரயில், பிறகு பஸ். யுத்த காலம், வெளியில் தமிழன் என்று காட்டிக்கொள்ளாதிருப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

"பூச்சரையைப் பைக்கு அடியில வை."

"ஏன் அத்தான்? நசியுமெல்லே."

"ஆக்கள் பாப்பினம்."

வாழையிலையில் சுருட்டிய பூச்சரையைத் துவாய்த் துண்டில் சுற்றி அடியில் வைத்தாள். சட்டைப்பையிலிருந்த அடையாள அட்டையில், சிங்களவர் அட்டையில் இல்லாதபடி, என் பெயர் தமிழிலும் இருந்தது.

ஏழரை மணிக்கு, செட்டியார் தெரு தாண்டியதும் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கினோம். சிப்பாய் ஒருவர் பைக்குள் கைவிட்டார். துவாய் தட்டுப்பட்டது.

"ஏன் ஒளிச்சு வைச்சிருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார். தினமும் சிங்களச் செய்திகளை மொழிபெயர்க்கும் நான் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் துவாயை உதறினார். பூக்கள் தார் வீதியில் கொட்டின.

குனிந்து பார்த்தவர், "தும்ப" என்றார். அவர்களுக்கும் ஏறக்குறைய அதே பெயர்தான். துப்பாக்கியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக் குந்தியிருந்து பொறுக்கினார். நிலத்தில் விழுந்த பூவை அவர்களும் பூசைக்கு வைப்பதில்லை. இலை மடிப்பில் ஒட்டியிருந்தவற்றோடு கலக்காமல், விழுந்தவற்றைப் பத்திரிகைத் துண்டொன்றில் மடித்துக் கொடுத்தார்.

கோயிலில் கமலா இலையை நீட்டினாள்.

"இவ்வளவுதானோ அம்மா?" என்றார் ஐயர்.

"கொஞ்சந்தான் ஐயா பூத்தது."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது அதே சாவடி, அதே சிப்பாய். "பூஜாவ ஹரித?" என்று, பூசை நல்லபடி முடிந்ததா எனத் தாழ்ந்த குரலில் கேட்டார். மரக்கறிக்காரனிடம் கமலா பழகியிருந்த சிங்களம் இரண்டு சொல்.

"ஹரி, மல்லி," என்றாள். சரி, தம்பி.

கோட்டையில் ரயில் ஏறியதும் பத்திரிகைச் சரையை மடியில் விரித்தாள்.

"பறிச்ச இடத்திலயே போட்டுவிடுவம், அத்தான்."

பெட்டி நிறைய ஆட்கள். வெள்ளவத்தை வரை ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.