பவுடரக்காவும் வியர்த்த அமைச்சரும்

தொலைக்காட்சி நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. செய்தி வாசிப்பவர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் பவுடரக்காதான். எப்பேர்ப்பட்ட கொம்பனும் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொள்ள அவள் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாக வேண்டும். அந்த நேரத்தில் நாட்டை ஆள்வதே அவள்தான் என்று நிலையத்தில் கேலி செய்வார்கள்.

ஒரே ஒரு அமைச்சர் மட்டும் உட்காரவில்லை. ஊழலில் பதவி பறிபோய், தன் பக்க நியாயத்தைச் சொல்லப் பேட்டிக்கு வந்திருந்தார். "பூச்செல்லாம் எதுக்கும்மா? நான் என்ன நடிகனா?" என்று அவள் கையைத் தள்ளிவிட்டு நேரே விளக்கு வெளிச்சத்துக்குப் போனார். கேள்விகள் சூடு பிடித்ததும் மனிதருக்குக் குப்பென்று வியர்த்துக் கொட்டியது. இடைவேளை விட்டதுதான் தாமதம், பவுடரக்கா பஞ்சும் கையுமாக ஓடினாள். விருந்தினர் சம்மதிக்காமல் முகத்தைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம்.

"லேசா ஒத்தி எடுத்துடறேங்கய்யா."

"தொடாதே!"

அவள் விலகுவதற்குள் ஒளிபரப்பு தொடங்கிவிட்டது. சொட்டச் சொட்ட நனைந்த அமைச்சர், பக்கத்தில் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கும் பவுடரக்கா. ஊரே பார்த்தது அதைத்தான்.

போதாதா? "எதிர்க்கட்சிகிட்ட காசு வாங்கிட்டு வேணும்னே துடைக்காம விட்டுட்டா" என்று அவருடைய கட்சிக்காரர்கள் கதை கட்டிவிட்டார்கள். அவர் அடித்த கொள்ளை பின்னுக்குப் போய், இவள் துடைக்காத வியர்வை முன்னுக்கு வந்துவிட்டது. பெரிய மனிதர்கள் வருகிற நாளில் நிலையத்தில் அவளுக்கு நாசூக்காக விடுப்பு கொடுத்தார்கள். மகளுக்கு வரன் பேசப்போன இடங்களில், "ஓ, அந்தம்மாவா?" என்று இழுத்தார்கள். அவர்தான் தொடாதே என்றார் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கும் வாய் வலித்துப்போயிற்று. ஒருநாள் சொல்வதையே விட்டுவிட்டாள்.

ஒருவழியாக மகளுக்கு நல்ல இடம் அமைந்த நேரம் பார்த்து, அந்தப் பேட்டியைச் சினிமாவாக எடுத்துத் தொலைத்தார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளம்பரத்தில் பஞ்சு பிடித்த ஒரு கை மட்டும் வந்தது. சம்பந்தி வீட்டார் முதல் நாளே பார்க்கப் போகிறார்களாம். பவுடரக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

படம் வெளியாவதற்கு முந்தின நாள் நிலையத்து ஆட்களுக்கென்று தனிக்காட்சி வைத்தார்கள். நாத்தனாரைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். திரையில் பவுடர் டப்பாவோடு ஒரு ஒல்லிக்குச்சிப் பெண் வந்து நின்றாள்.

"இதுவா அண்ணி நீங்க? ஃபேன் போட்டா பறந்துடுவா போலிருக்கே!" என்றாள் நாத்தனார்.

"சும்மா இருடி, படத்தப் பாரு."

பேட்டியில் இடைவேளை விட்ட காட்சி வந்தது. அந்தப் பெண் பஞ்சை நீட்டினாள். பவுடரக்கா நாத்தனாரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"தொடாதே!" என்று சீறினார் திரையில் இருந்த அமைச்சர்.

பவுடரக்காவுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. கண் முழுக்கத் தண்ணீர்.

வெளியே வந்ததும் கதாசிரியரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப மைக்கெல்லாம் அணைச்சிருந்தாங்க தம்பி. பேட்டி எடுத்தவரும் எழுந்து போயிருந்தாரு, பக்கத்துல யாருமே இல்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அந்த அமைச்சரே சொன்னாருங்க. ஊழலப் பத்தி எதக் கேட்டாலும் ஞாபகம் இல்லன்னுட்டாரு. நான் கிளம்பும்போது அவராவே கூப்பிட்டு, 'பவுடர் போட வந்த பொண்ணு மேல தப்பில்ல, நான்தான் தொடாதேன்னேன். அத அப்படியே எழுது'ன்னாரு."

பவுடரக்கா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பாவி மனுஷா! இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று எங்கோ இருக்கும் அமைச்சரை ஆகாயத்தைப் பார்த்துத் திட்டினாள். திட்டத் திட்ட நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்குப் படத்துக்குப் போறீங்கல்ல சம்பந்தி? எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துடுங்க. உங்க பக்கத்து சீட்டாவே பாருங்க."