சூப்பர் ஹீரோவுக்கு எழுந்து நின்றோம்

கடந்த ஞாயிறு வரை, கொல்லிமலையில் பல சிற்றூர்கள் சேர்ந்த எங்கள் குண்டூர் நாட்டில் புத்தகம் என்று யாராவது வாய் திறந்தால் அடுத்த சொல் என் பெயராகத்தான் இருந்தது. தற்பெருமை அன்று; தகவல். பொருளியலில் முதுகலை. எங்கள் வாசகர் வட்டத்துக்குத் தொடக்கம் முதலே தலைவர். எதிர்த்து நிற்க எவரும் துணிந்ததில்லை.

இம்முறை துணிந்தார் ஒருவர் — மிளகு விவசாயி செல்லமுத்து. அவருடைய ஒரே வாக்குறுதி:

"நம்ம வட்டத்துல காமிக்ஸ் படிக்கோணுமுங்க. சார் புஸ்தகத்தைப் பத்திப் பேசுனா கட்டுத்தறியில மாடுகூடத் தூங்கிப்போகுதுங்க."

சிரித்தார்கள். எங்கள் செயலாளர் பழனியம்மாள் உட்பட, அனைவரும்!

நாற்காலி ஆடுவதை உணர்ந்தேன். உடனே அறிவித்தேன் — தேர்தல் நாளன்று சூப்பர் ஹீரோ காமிக்ஸ் ஒன்றை நானே அறிமுகம் செய்வேன்.

அறிவித்தாயிற்று. எதிலிருந்து தொடங்குவது? எதையும் முதலிலிருந்து தொடங்குவதே கற்றவனுக்கு முறை. சேலத்தில் ஒரு கடைக்குச் சென்று, "முதல் இதழ் கொடுங்கள்" என்றேன். கடைக்காரர் ஒரே நாயகனின் ஐந்து முதல் இதழ்களை எடுத்துப் போட்டார்.

"இவற்றில் எது உண்மையான முதல்?"

"எல்லாமே முதல்தாங்க சார். விற்பனை படுத்துச்சுன்னா மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சிருவாங்க."

இப்படி ஒரு வசதி எங்கள் காலத்துப் பல்கலைக்கழகத் தேர்வில் இருந்திருந்தால்... போகட்டும்.

கெட்டி அட்டை போட்ட ஒன்றை எடுத்தேன். கனமான நூலே நல்ல நூல் என்பது என் நெடுநாள் கொள்கை. துணைக்கு, அதே நாயகனின் ஒல்லிப் புத்தகம் ஒன்று. பேருந்தில் ஊர் திரும்புவதற்குள் கனமானதைப் படித்து முடித்தேன். ஒல்லியைப் பிரிக்கவில்லை.

ஞாயிறன்று கூட்டத்தில் கதையைச் செம்மையாகச் சொன்னேன். "இறுதியில், நகரத்தைக் காப்பாற்றிவிட்டு நாயகன் இறக்கிறான்" என்று முடித்தேன். செல்லமுத்து எழுந்தார்.

"ஏனுங்க சார், கூட்டத்துல சாவுச் சேதி வந்தா எல்லாரும் எந்திரிச்சு ஒரு நிமிசம் நிக்கோணும்னு நீங்கதானுங்களே சட்டம் போட்டீங்க?"

"அது மனிதர்களுக்கு..."

"ஆலத்தூர் நாட்டுல என்ற மச்சானோட காளை செத்ததுக்குக்கூட நின்னமுங்களே!"

காளைக்கு நின்றது உண்மை. முன்னுதாரணம் முன்னுதாரணம்தான். தேர்தல் நாளில் என் விதியை நானே மீறினால் என்னை யார் மதிப்பார்கள்?

"எழுந்திருங்கள்" என்றேன்.

உள்ளாடையை வெளியே அணிந்த ஒருவருக்காக, கொல்லிமலையில் வளர்ந்த மனிதர்கள் கைகட்டித் தலைகுனிந்து நின்றோம். அப்போதுதான், மேசைமேல் கிடந்த ஒல்லிப் புத்தகத்தைப் பழனியம்மாள் புரட்டினார்.

"சார்... செத்தவரு இதுல கல்யாண ஊட்டுப் பந்தியில உக்காந்திருக்காருங்க."

"மௌனம்! அது பழைய கதையாக இருக்கும்."

"இல்லீங்க சாமி. 'சமாதியை ஒடைச்சுட்டு வந்தேன்'னு அவரே சொல்றாருங்க!"

செல்லமுத்து சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் மீதி நிமிடத்தையும் நின்று முடித்தேன். தொடங்கியதைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கில்லை.

வாக்கெடுப்பில் செல்லமுத்து வென்றார். அவர் ஒரு காமிக்ஸ்கூடப் படித்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஜனநாயகம்!

ஆகவே, புதிதாகத் தொடங்குவோர் கவனத்துக்கு: முதல் இதழைத் தேடி அலையாதீர்கள். அட்டையின் கனத்தைப் பார்க்காதீர்கள். எடுத்த புத்தகத்திலேயே கதை முடிகிறதா? வாங்குங்கள். சாவை மட்டும் நம்பாதீர்கள். அந்த உலகத்தில் மரணம் என்பது சம்பளத்துடன் கூடிய விடுப்பு.

கடைசியாக ஒன்று. மௌனத்தின்போது நான் அழுததாக, மலையின் தலைமை ஊரான செம்மேடு முழுவதும் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அழுதது பேருந்தில்.