குதிர முடியால கட்டன மரு

மொதல்ல உளுந்து அளவுதான் இருந்துது. எங்க வூட்டுக்காரருக்கு முன்தோல் ஓரத்துல (ஆம்பளைங்க உறுப்பு நுனிய மூடி இருக்குற தோலு) ஒரு மரு. அப்ப வருசம் அறுவத்தஞ்சோ ஆறோ, எனக்குக் கணக்கு வராது. எங்க தெருவுக்கு கரண்டு வந்த புதுசு.

எழுதப் படிக்கத் தெரியாதவ நான். வாயால சொல்றேன், எழுதிக்கறாங்க. இந்த மாதிரி ஒண்ண வேட்டிக்குள்ள மறச்சிக்கினு இருக்கற ஆம்பளைங்களுக்கும், அது தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருக்கற பொண்டாட்டிங்களுக்கும் சொல்றேன். என்னாட்டம் பண்ணாதீங்க.

அவரு மல்லாட்ட (வேர்க்கடல) மண்டியில மூட்ட தூக்கறவரு. நான் செஞ்சி பஜார்ல பூ கட்றவ. எங்கிட்ட பூ வாங்க பஸ்ஸ விட்டுட்டு நின்னவங்க இருக்காங்க, தெரியுமா? பொய்யில்ல. செரி, அத விடுங்க.

அவருக்கு மரு மட்டுமில்ல, தோலு பின்னால போகாது. மூத்திரம் போனா தோலு பலூனாட்டம் உப்பிக்கும். தோட்டத்துப் பக்கம் ஒதுங்கப் போனா நேரமாவும், சீக்கிரம் வர மாட்டாரு. ஒரு நாளு நேராவே கேட்டுட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"அங்க போனா தோல அறுத்துடுவான். அப்புறம் மண்டியில என்ன பாய்னு கூப்புடுவானுங்க. நீ சும்மா இரு."

நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கம்மா கழுத்து மருவ குதிர வாலு முடியால இறுக்கிக் கட்டி உதுர வச்சவங்க. அடியில இறுக்கனா ரத்தம் போகாம காஞ்சி விழுந்துடும். கழுத்துத் தோலும் தோலு, இதுவும் தோலுதானன்னு நெனச்சேன் பாருங்க, அதான் நான் பண்ண பாவம்.

பஸ் ஸ்டாண்டுல குதிர வண்டி ஓட்ற பாய் கிட்ட முடி கேட்டேன்.

"இன்னாத்துக்கு தங்கச்சி?"

"கழுத்துல மரு, பாய்."

"நீ புடுங்கனா உதைக்கும். மருவோட கழுத்தும் போயிடும். இரு, நானே தரேன்."

காலையில கட்டனேன். அவரு பல்லக் கடிச்சிக்கினு, "ஏய், பூ கட்றன்னு நெனச்சிக்கினியா, மெதுவா"ன்னாரு. நான் சிரிச்சேன். அந்த சிரிப்ப இன்னிக்கும் என்னால மன்னிக்க முடியல.

மூணாம் நாளு கத்திரிக்காயாட்டம் வீங்கிப்போச்சு. முடி தோலுக்குள்ள புதைஞ்சிடுச்சு. மூத்திரம் சொட்டு சொட்டா. நூறு கிலோ மூட்டைய தூக்கற மனுசன் சொவத்தப் புடிச்சிக்கினு அழுதாரு. கத்தரிக்கோல் எடுத்துக்கினு போனா முடி எங்கன்னே தெரியல. ஓடிப்போய் பாய வண்டியோட இட்டாந்தேன். வண்டி ஒவ்வொரு பள்ளத்துல எறங்கறப்பயும் அவரு என் கைய நசுக்கனாரு. நசுக்கட்டும்னு குடுத்துட்டு ஒக்காந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில நர்ஸம்மா பேரு கேட்டாங்க. புருசன் பேர நான் சொல்ல மாட்டேனே. "எந்த எடத்துல கட்டி?"ன்னாங்க. அதையும் சொல்லல. "பேரும் சொல்ல மாட்ட, எடமும் சொல்ல மாட்ட, வைத்தியம் யாருக்கும்மா பண்றது?"ன்னு திட்டனாங்க. பாய்தான் பேரு சொன்னாரு.

டாக்டரு குட்டிக் கத்தரியால முடிய வெட்டி எடுத்தாரு. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு.

"எவன்யா இத கட்டனது? இன்னும் ரெண்டு நாளு போயிருந்தா அழுகியிருக்கும்."

"நான்தான் சார்," அப்படின்னாரு எங்க வூட்டுக்காரரு.

நான் ரெண்டடி தள்ளி நிக்கறேன். முந்தானைய சுருட்டிக்கினு நிக்கறேன். வாயத் தொறக்கல. டாக்டரு அவர அறிவு இருக்குதான்னு கேட்டாரு. அவரு தலைய குனிஞ்சிக்கினாரு. எனக்காக.

அப்புறம் என்னென்ன வழி இருக்குதுன்னு சொன்னாரு டாக்டரு. வெறும் மருன்னா மேல மருந்து தடவியே கரைக்கலாமாம், சுட்டும் எடுக்கலாமாம், அத மட்டும் வெட்டியும் எடுக்கலாமாம். ஆனா இவருக்கு தோலே இறுகிக் கெடக்குது, மரு போனாலும் கஷ்டம் போகாது. முன்தோல மருவோட சேத்து எடுத்துடறதுதான் நல்லதுன்னாரு. சக்கர வியாதி இருந்தாலும் தோலு இப்படி இறுகுமாம். மூத்திரத்த நீல தண்ணியில ஊத்திக் காய்ச்சி, சக்கர இருக்குதான்னு பாத்தாங்க. இல்ல.

அவரு பயந்து என்னப் பாக்கறாரு. பாய்தான் பேசனாரு.

"இதுக்கா பயப்படற? எங்க வூட்டு ஆம்பளைங்க அத்தினி பேரும் இதத் தாண்டித்தான் வந்திருக்கறோம். தோலு போனதும் நீ பாய் ஆயிடுவியா? தொழுவ யாரு வருவா, நீயா? மூட்ட தூக்கவே லேட்டா போறவன்."

அவரு வலியிலயும் சிரிச்சிட்டாரு. செரின்னுட்டாரு.

வீக்கம் வடிஞ்சதும், மரத்துப்போற ஊசி போட்டு எடுத்தாங்க. வெட்டன சதைய மெட்ராஸுக்கு அனுப்பனாங்க (புத்துநோயா இல்லையான்னு கண்ணாடி வச்சிப் பாக்கறதுக்கு). பதில் சீக்கிரம் வரல. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசைக்குப் போய், "தாயே, பழிய அவரு ஏத்துக்கினாரு, தண்டனைய எனக்குக் குடு"ன்னு அழுதேன். தெனமும் புண்ண கழுவிக் கட்டு மாத்தறப்ப அவரு மொகத்த நான் பாக்க மாட்டேன். அவரு ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா தேவலாம்.

கெட்ட சதை இல்லன்னு பதில் வந்துது. அன்னிக்குத்தான் டாக்டரு மேசை முன்னால நின்னு சொன்னேன்.

"ஐயா, அத கட்டனது அவரு இல்ல, நான்."

டாக்டரு எழுதறத நிறுத்தல. "தெரியும்மா."

"எப்படிங்க?"

"அன்னிக்கே பாத்தேன். மூட்ட தூக்கறவன் அப்படி முடிச்சு போட மாட்டான். அது பூ கட்ற முடிச்சு. உன்ன அவரு காப்பாத்தறாரு, நாம ஏன் கெடுக்கணும்னு உட்டுட்டேன்."

வெளிய வந்து, எல்லாம் என்னாலதான்னு அவரு கிட்டயும் சொல்லி அழுதேன். "அதான் வலி போயிடுச்சே, இன்னும் எத்தினி நாளு தூக்கிக்கினு இருப்ப? மூட்ட தூக்கறவன் நான்தான, நீ எறக்கி வை"ன்னாரு.

எறங்கல. அதுக்கப்புறம் நாப்பது வருசத்துக்கு மேல நல்லா இருந்தாரு. அந்த மூணு நாளுதான் எனக்கு அந்த நாப்பது வருசத்த விட நீளமா இருக்குது. என் வெரலுக்கு அதுக்கப்புறம் இறுக்கிக் கட்ட வரவேயில்ல. நாரு சுத்தி இழுக்கறப்ப ஒரு எடத்துல தானா நின்னுடும். பஜார்ல, "இவ கட்ன பூவு வூடு போறதுக்குள்ள உதுந்துடுது"ன்னு ஏசுவாங்க. உதுரட்டும்னு சிரிச்சிக்கினே ரெண்டு பூ கூட வச்சி கட்டிக் குடுப்பேன்.