தெருவின் சராசரியில் எங்கள் வீடு

என் மருமகள் கரஸில், அதாவது அஞ்சல் வழியில், டிகிரி படிக்கச் சேர்ந்ததும், தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான் சொன்னார்கள். இனி அவள் இந்த வீட்டில் இருக்க மாட்டாள் என்று. மலேசியாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போன என் மகனிடமிருந்து போன் வருவது நின்று மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேலை பார்த்த இடத்தில் கேட்டால், சொல்லாமல் போய்விட்டான் என்றார்கள். அனுப்பிவைத்த ஏஜெண்டின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. இருக்கிறான் என்றோ இல்லை என்றோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போகப்போகிறாயா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எதையும் கேட்க எனக்கு வாய் வராது.

சனி, ஞாயிறு ஆலங்குடியில் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு வகுப்புக்குப் போவாள். சாயங்காலம் திரும்பியதும், விதைக்கடலை உடைத்துக்கொண்டிருக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை வாய்விட்டுப் படிப்பாள். அதில் புள்ளியியல் என்று ஒரு பாடம். எல்லாரிடமும் இருப்பதை ஒன்றாகக் கூட்டி, ஆளுக்குச் சமமாகப் பங்கு போட்டால் வருவது சராசரி என்று அதில்தான் கேட்டேன்.

"வீட்டுக்குச் சராசரியா ஒன்னரைப் பேரு வெளிநாட்டுல இருக்காங்கன்னு வைங்க அத்தை" என்றாள் ஒரு நாள்.

"ஒன்னரையா? அந்த அரை ஆளு எப்படிப் பிளேன் ஏறுவான்?"

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்துக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

பிறகு வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். சொந்தத் தெருவில் வீடுவீடாகப் போய், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதி, வீட்டுக்கு ஒரு தாளாகச் சேர்த்துச் சராசரி போட வேண்டும்.

"தனியாப் போனா எல்லாரும் அவுகளப் பத்தியே கேப்பாங்க. நீங்களும் வாங்க அத்தை" என்றாள்.

போனேன். என் மனசில் ஒன்றுதான் இருந்தது. எங்கள் வீட்டு முறை வரும்போது இவள் என்ன எழுதுவாள்? ஒன்று என்று எழுதினால் அவன் இருக்கிறான் என்று இவள் இன்னும் நம்புகிறாள். சைபர் என்று எழுதினால் முடிவு கட்டிவிட்டாள்.

முதல் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவள் எனக்குத் தங்கச்சி முறை. வாய்க்காரி.

"எழுதிக்கடி. மூத்தவன் துபாயி. எளையவன் சிங்கப்பூரு. எங்க வீட்டுக்காரரு டீக்கடையிலதான் குடியிருக்காரு, அதையும் ஒரு நாடாச் சேத்துக்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிப்பு மட்டும் என் முகத்தைப் பார்த்ததும் நின்றது. "அக்கா, ஒம்மகங்கிட்ட இருந்து ஏதும் சேதி..."

"இல்லங்க சின்னம்மா" என்று சொல்லிவிட்டு மருமகள் அடுத்த கேள்விக்குப் போனாள். குரல் மாறவே இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முனைவீட்டில் அண்ணன் தம்பி அஞ்சு பேரும் வெளிநாட்டில். "இந்த ஒரு வீட்டாலயே சராசரி ஏறிரும் அத்தை. போகாத வீட்டுலயும் யாரோ போன மாதிரி காட்டும்" என்றாள் வெளியே வந்ததும். அதற்கு அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளையிடம் திருப்பூருக்குப் போயிருக்கிறார்கள் என்றார்கள்.

"ஆளில்ல. சைபர் போட்டுக்க" என்றேன்.

"பூட்டுன வீட்டுக்குச் சைபர் போடக்கூடாது அத்தை. சைபருன்னா, கேட்டோம், யாரும் போகலைன்னு தெரிஞ்சுச்சுன்னு அர்த்தம். இங்க நமக்கு ஒன்னும் தெரியலையே. கட்டத்த வெறுமனே விடணும்."

கடைசியாக எங்கள் வீடு. அவள் உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பெயர். வீட்டில் இருப்பவர்கள் இரண்டு. அதற்குக் கீழே வெளிநாட்டுக் கட்டம். பேனா அங்கே நின்றது. நான் அரிசியைக் களைகிற மாதிரி களைந்துகொண்டே இருந்தேன். களைந்த தண்ணீர் தெளிந்துகூடப் போனது. அவள் ஒன்றும் எழுதாமல் அடுத்த கேள்விக்குப் பேனாவை நகர்த்தினாள்.

எனக்கு மூச்சு வந்தது. சைபர் போடவில்லை. அது போதும் என்றிருந்தது.

மறுநாள் அவள் கணக்குப் போட உட்கார்ந்தாள். தாள்களைப் பிரித்தபோது இரண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். ஒன்று பூட்டிய வீடு. இன்னொன்று எங்களுடையது.

"அது எதுக்கு அங்கிட்டு?"

"வெறுங்கட்டம் இருந்தா சராசரியில சேக்க முடியாது அத்தை. விட்டுரணும்."

இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்து, பிள்ளை பெற்று, புருஷனை மண்ணுக்குக் கொடுத்து, கிழவியும் ஆகிவிட்டேன். தெருக் கணக்கில் என் வீடு இல்லை. அதைவிட, அந்தத் தாளோடு இவளும் ஓரத்தில் கிடந்தாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"சைபர் போட்டுரு ஆத்தா."

அவள் நிமிர்ந்தாள். "நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நீ எத்தன நாளைக்கு இப்படியே..."

அவள் வேறொரு தாளை எடுத்தாள். எங்கள் வீட்டுக்குச் சைபர் போட்டு ஒரு தடவை கூட்டி வகுத்தாள். ஒன்று போட்டு ஒரு தடவை. எங்கள் வீட்டையே விட்டுவிட்டு ஒரு தடவை. போனில் திரும்பவும் தட்டிச் சரிபார்த்தாள்.

"புள்ளிக்கு அப்புறம் ஒரு எண் எழுதுனாப் போதும்னு சொல்லியிருக்காங்க" என்றாள். "தெருவுல இத்தன வீடு இருக்கறதால மூணு தடவையும் அதே எண்ணுதான் வருது அத்தை."

தாளை என் பக்கம் திருப்பினாள். எண் வாசிக்க எனக்குத் தெரியும். மூன்று வரியிலும் ஒரே எண்தான் இருந்தது.

"அப்ப அவன் இருந்தாலும் இல்லாட்டியும் ஒரு மாத்தமும் இல்ல."

"தெருவுக்கு இல்ல அத்தை" என்றாள்.

பேனாவை மூடினாள். கூட்டிப் பார்த்த தாளையும் எங்கள் வீட்டுத் தாளையும் ஒன்றாக மடித்து அலமாரியில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு கைக் கடலையை அள்ளி உடைக்கத் தொடங்கினாள்.