ஏழாம் யோசனை

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிறைய இருபத்திரண்டு நிமிடம் ஆனது. பால் பாக்கெட் இரண்டு வந்திருந்தது. எட்டேகாலுக்கு மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, எட்டு ஐம்பதுக்கு நூலகத்தில் கையெழுத்துப் போட்டேன். மதியம் வரை, புதிதாக வந்த முப்பத்தோரு புத்தகங்களுக்கு எண் எழுதி ஒட்டினேன்.

அது சம்பள வேலை. சம்பளமில்லாமல் பார்த்த வேலை ஒன்றும் அப்போது என்னிடம் இருந்தது. பலர் கூடி மென்பொருள் எழுதும் ஒரு திறந்த மூலத் தளத்தில், தன்னார்வலர்கள் எதை எடுத்துச் செய்யலாம் என்ற யோசனைப் பட்டியலை நான்தான் பராமரித்தேன். எனக்கு நிரல் எழுத வராது. தெரிந்தவர்கள் சொல்வதை எவருக்கும் புரிகிற மாதிரி நாலு வரியில் எழுதி, வரிசைப்படுத்தி வைப்பேன். மொத்தம் பதினான்கு யோசனைகள். ஏழாவது இது: தளத்தில் ஒருவர் ஒரு குறையை விவரித்து எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், எழுதியதெல்லாம் போய்விடுகிறது, அதை அவருடைய கணினியிலேயே சேமித்து வைக்க வழி செய்ய வேண்டும்.

பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது ஒரு பெண் வந்து நின்றார். உப்பளம் பகுதியில் இருப்பவர், நூலகத்துக்கு வந்து போகிறவர், நாற்பது வயதிருக்கும். ஜனவரியில் ஏழாம் யோசனையை எடுத்துக்கொண்டவர். எட்டு வருடங்களுக்கு முன், மாமனார் படுத்த படுக்கையானபோது மென்பொருள் வேலையை விட்டிருந்தார். மாமனார் போனபின் மறுபடி வேலை தேடினார். நடுவில் ஏன் இத்தனை வருட இடைவெளி என்று கேட்டே எல்லா இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள். ஒரே ஒரு கம்பெனி மட்டும், சமீபத்தில் செய்த வேலை ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வாருங்கள் என்றிருந்தது. அவரிடம் காட்ட இருந்தது ஏழாம் யோசனை ஒன்றுதான்.

கைப்பேசியை என் மேசையில் வைத்தார்.

"படிங்க சார்."

தளத்தில் நிரலைச் சரிபார்ப்பவர் அன்று காலை இரண்டு வரி எழுதியிருந்தார். இந்த வசதியை டிசம்பரிலேயே வேறொருவர் செய்து சேர்த்துவிட்டார். உங்கள் முயற்சிக்கு நன்றி. அதன் கீழே சிவப்பில், மூடப்பட்டது.

"முடிஞ்சிபோனத எதுக்கு சார் லிஸ்ட்ல வெச்சிருந்தீங்க?"

"இருக்காதும்மா. முடிஞ்சா எனக்கு மெயில் வரும். நான் உடனே..."

"வரலையா?"

வந்திருந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே நினைவுக்கு வந்துவிட்டது.

"அஞ்சி வாரம் சார். ரெண்டு ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசைக்குக்கூட போவல. ஓசியில யாருக்குடி ஒழைக்கிறன்னு மாமியார் கேக்கறாங்க. அந்த சார் ரொம்ப கரெக்டான மனுஷன், அவுரு எழுதி வெச்சா சரியாத்தான் இருக்கும்னு அவங்ககிட்ட சொன்னேன்."

"தப்பு என்னுதுன்னு அங்கயே எழுதறேன்மா. கம்பெனிக்கும் ஒரு லெட்டர் தரேன்."

"லெட்டர வெச்சி என்னா சார் பண்றது? அவங்க லிங்க்க தொறப்பாங்க. செவப்புல க்ளோஸ்டுன்னு இருக்கும். அவ்ளோதான்."

"டிசம்பர்ல அவுரு செஞ்சதுல இல்லாதது எதுனா உங்களுதுல இருக்கா?"

"பாத்துட்டேன் சார். என்னவிட நல்லாத்தான் பண்ணியிருக்காரு. அதான் இன்னும் எரிச்சல்." லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். கைப்பேசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "சாப்புடுங்க சார். ஆறிடப் போவுது."

காலையில் கட்டிய தயிர்சாதம். மூடி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை அவர் அந்தக் கம்பெனிக்குப் போகவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்கு வந்து பழைய வருட டைரியை எடுத்தேன். டிசம்பர் 19, வியாழக்கிழமை. பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன்: "ஏழாம் யோசனை முடிந்தது. நீக்கினால் எட்டு ஏழாகும், பின்னால் உள்ளவை எல்லாம் மாறும். தன்னார்வலர்களுக்கு எழுதிய கடிதங்களில் பழைய எண்களே உள்ளன. எல்லாவற்றையும் திருத்தியபின் நீக்கவும்."

பட்டியலுக்குத் தளமே எண் போட்டுக்கொள்ளும். ஒன்றை எடுத்தால் மற்றவை தாமாக மேலே ஏறிவிடும். அந்த வரிசை குலைவதை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்காகத்தான் தள்ளிப்போட்டேன். ஜனவரி முதல் தேதி, பாக்கி வேலைகளைப் புது டைரிக்கு மாற்றி எழுதினேன். கேஸ் பதிவு, ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸ், மூக்குக் கண்ணாடி. ஓரத்தில் இருந்த அந்தக் குறிப்பு விட்டுப்போயிற்று. புது டைரியில் ஜனவரி 6: "ஏழாம் யோசனைக்கு ஆள் கிடைத்தது. மகிழ்ச்சி." அடிக்கோடும் போட்டிருந்தேன்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "இந்த வூட்ல நீங்க நம்பர் போடாதது நான் ஒருத்திதான். என்னாத்த தேடறீங்க?"

சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?"

நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். இருக்காது என்றேன். அங்கேயே எழுதுகிறேன் என்றேன். லெட்டர் தருகிறேன் என்றேன். மன்னிப்பு கேட்கவில்லை.

ஏழரைக்கு அவரைக் கைப்பேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. எட்டரைக்கு மறுபடி அழைத்தேன். அப்போதும் எடுக்கவில்லை. டைரியில் இரண்டு அழைப்புகளையும் குறித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் ஐந்தே காலுக்கு எழுந்ததும் மோட்டார் போடவில்லை. கணினியைத் திறந்து, தளத்தில் மூடப்பட்டிருந்த அவருடைய வேலைக்குக் கீழே, எல்லோரும் பார்க்கும்படி, இது முடிந்துவிட்டது என்று தெரிந்தும் பட்டியலிலிருந்து நான் நீக்கவில்லை, தவறு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன். பிறகு பட்டியலைத் திறந்து ஏழாம் யோசனையை அழித்தேன். எட்டு ஏழானது. கடைசி எண் பதின்மூன்று. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.