பூசையில் இருந்த சிப்

சென்ற மாதம் ஒரு தொழில்நுட்பச் சந்தேகத்தோடு என் வீட்டுக்கு வந்தார் வசந்தி. சுவிட்சர்லாந்தின் லாங்கன்தாலில் எங்களுக்கு மேல்மாடி. கணவர் குகனுக்கு, ரயிலில் ஒன்றரை மணி நேரம் போகவேண்டிய இன்டர்லாக்கனில், ஹோட்டல் ஒன்றில் இருபது வருடமாகச் சமையல் வேலை. அவரும் பின்னாலேயே வந்தார். கோட், டை எல்லாம் போட்டிருந்தார்.

"அண்ணை, டேப்லட்டுக்குள்ள படிக்கிறதை ஒரு பக்கம், கதைக்கிறதை ஒரு பக்கமெண்டு பிரிக்கேலாதோ?" என்று கேட்டார் வசந்தி.

ஏன் பிரிக்க வேண்டும்?

அன்று சரஸ்வதி பூசை. அவர்கள் வீட்டில் இப்போது யாரும் புத்தகம் வாங்குவதில்லை. ஆகவே புது டேப்லட்டைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் நிமிர்த்தி வைத்துவிட்டார் வசந்தி. கூடவே இரண்டு போன்களையும். அவர் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. வைத்ததை மறுநாள் விஜயதசமிப் பூசை முடிந்துதான் தொடலாம்.

ஆனால் அன்று பகல் இரண்டு மணிக்குக் குகனுக்கு அந்த டேப்லட்டில்தான் இன்டர்வியூ! ஊருக்குள்ளேயே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. கிடைத்தால், மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா வீட்டில் இருப்பார். கிடைக்காவிட்டால், வழக்கம்போல அடுப்படியிலோ ரயிலிலோ இருப்பார்.

என்னுடையதைக் கொடுத்திருக்கலாம்தான்... எங்கள் வீட்டிலும் சரஸ்வதி பூசை.

நான் உள்ளதைச் சொன்னேன். முன்பெல்லாம் கணக்குப் போட ஒரு சிப், படம் காட்ட இன்னொன்று, நினைவகம் தனி. கழற்றலாம், மாற்றலாம். இப்போது எல்லாம் நகத்தளவு ஒரே சிப்புக்குள். யாராலும் பிரிக்க முடியாது.

"அப்ப ஒண்டை வைச்சால் எல்லாத்தையும் வைச்ச மாதிரியோ?"

"ஓம்" என்றேன். குகன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"நான் எடுக்கப்போறன்" என்றார்.

"எடுத்து, வேலை கிடைக்காமல் போனால் ஆர் பொறுப்பு?" என்றார் வசந்தி.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த டேப்லட்டோடு ப்ளூடூத்தில் இணைத்த மவுஸ் ஒன்று அவர்களிடம் உண்டு.

"மவுஸையும் பூசையில வைச்சனீங்களோ?"

"இல்லை அண்ணை. அது படிக்கிற சாமான் இல்லையே."

ஆக, டேப்லட்டை யாரும் தொடவில்லை. இரண்டு மணிக்கு நானும் கூடவே மேலே போனேன். அவலுக்கும் கடலைக்கும் நடுவே குகன் சம்மணம் போட்டு உட்கார்ந்து மவுஸை நகர்த்தினார். சமையலறைப் பொறுப்பாளரான சுவிஸ் பெண்மணி திரையில் வந்தார். உங்களைக் காணவில்லை, எல்லாம் மஞ்சளாக இருக்கிறது என்றார்.

பொட்டு எங்கே வைப்போம்? நெற்றியில். டேப்லட்டின் நெற்றியில் என்ன இருக்கிறது? காமிரா.

குகன் துடைக்கக் கையை நீட்டினார். வசந்தி மெல்ல இருமினார். கை திரும்பி வந்துவிட்டது.

குகன் தன் சமையலறை ஜெர்மனில் உண்மையைச் சொன்னார்: இன்று நாங்கள் வேலைச் சாமான்களை வணங்கும் நாள், நாளை காலைவரை துடைக்க முடியாது. அந்த அம்மா கேட்டார்: கோடை மேய்ச்சல் முடிந்து மலையிலிருந்து மாடுகளை இறக்கும்போது நாங்கள் பூச்சூட்டுகிறோமே, அந்த மாதிரியா?

அதேதான் என்றார் குகன்.

அதன் பிறகு நாற்பது நிமிடம் சமையல் பேச்சு. உப்பில்லாத சூப்புக்கு எப்படி ருசி ஏற்றுவது, பல்லில்லாதவர்களுக்கு இறைச்சியை எப்படிக் கொடுப்பது... குகன் வெளுத்து வாங்கினார்.

வேலை கிடைத்துவிட்டது. வசந்தி சரஸ்வதிக்கு நன்றி சொன்னார். மவுஸ் யோசனை சொன்னவனை யாரும் நினைக்கவில்லை.

இந்த வாரம் எங்கள் கட்டடத்தின் பொதுவான துணி துவைக்கும் அறையில் குகனைக் கண்டேன்.

"இருபது வருசமா எத்தினை இன்டர்வியூ அண்ணை! என்ரை முகத்தைப் பாத்த உடனை, எந்த நாடு, எப்ப வந்தனீ எண்டு தொடங்குவினம். அதோடை நேரம் முடிஞ்சிடும். இந்த மனுசி சூப்பைப் பற்றித்தான் கேட்டா."

எல்லாவற்றையும் ஒரே சிப்புக்குள் அடக்கிய கெட்டிக்காரர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள் — இன்டர்வியூ நேரத்தில் காமிரா தானாக மூடிக்கொள்ளவும் ஒரு வழி செய்யுங்கள்.